கூலியும் புகையும் ஒரே தராசில்

 



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். வாலிபத்தில் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, பீடோங், குருண் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்க் கடனுக்கு வியாபாரம் செய்தவர் அவர். மகன் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறார்.

பெரியவர் சொன்னார்: "ஹஜ்ரத், ராத்திரியானா அந்தத் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு வாடை வருது. ஜன்னலைச் சாத்தினாலும் நிக்கிறதில்லே. என் பேரனுக்கு இளைப்பு. மகன் அங்கே வாங்குற சம்பளத்திலேதான் அந்தப் பிள்ளைக்கு மருந்து வாங்குறோம். நீங்களே சொல்லுங்க. அந்தத் தொழிற்சாலை இருக்கணும்னு நான் துஆ கேக்கிறதா? இல்லே, போகணும்னு கேக்கிறதா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டே, "அத்தா சொல்றது நெசந்தான், ஹஜ்ரத். ஆனா அதை மூடிட்டா, இந்த வயசிலே என்னை யாரு கூப்பிட்டு வேலை கொடுப்பாங்க?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அல்லாஹ்வின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லக் கூடாது. ஆகவே அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலையின் முதலாளி சென்ற ரமலானில் நம் மதரஸாவுக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவர். அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் நான் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். வாடையைப் பற்றி எனக்கும் தெரியும். தெரிந்தும் மிம்பரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவரின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கிதாபுகளைப் புரட்டினேன், உலக நடப்பையும் விசாரித்தேன். எனக்கு விளங்கியதை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

உழைப்பின் கண்ணியம்

முதலாவது, ஜீவனத்தை அற்பமாகப் பேசுவது நம் மார்க்கத்தின் வழியல்ல. பிறரிடம் கையேந்துவதைக் காட்டிலும், ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு கட்டி முதுகில் சுமந்து வந்து விற்பது மேல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அரசராயிருந்த தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் கையுழைப்பிலிருந்தே உண்டார்கள் என்பதையும் ஹதீஸ் ஷரீஃபில் காண்கிறோம். வேலையில்லாத வீட்டில் நோய் மட்டுமா நுழைகிறது? கடன் நுழைகிறது, சண்டை நுழைகிறது, ஈமானையே ஆட்டும் விரக்தியும் நுழைகிறது.

இந்தக் கெடா மண்ணுக்கு வேலையின் அருமை நன்றாகத் தெரியும். 1950-களிலும் 60-களிலும் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பால்மரம் வெட்டிய எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. அந்தத் துயரத்துக்குப் பரிகாரமாகத்தான் 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் அந்தச் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம், நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அல்லவா?

அதன் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை. தோட்டங்களின் இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. சுங்கை பட்டாணியில் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டை வந்தது. 1996-ல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்வாளி சுமந்த கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே சீருடை அணிந்து வேலைக்குப் போகிறார்கள். இது அல்லாஹ்வின் கிருபை. தொழிற்சாலையே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் பசியை அறியாதவர் என்றே சொல்ல வேண்டும்.

தொழில் இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. பீடோங்குக்கு அருகே சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உலைகளின் சிதைவுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கடாரத்தார் இரும்பை உருக்கினார்கள். உலகத்தோடு வியாபாரம் செய்தார்கள். ஆகவே தொழில் நல்லதா, கெட்டதா என்பதல்ல நம் கேள்வி. தொழில் வரும்போது அதை எந்தத் தராசில் நிறுப்பது என்பதே கேள்வி.

மத்யன்வாசிகளின் தராசு

ஷுஐப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மத்யன் நகரத்தாருக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வூரார் வியாபாரிகள். அவர்களுக்கு அந்த நபி செய்த உபதேசத்தைத் திருமறை ஏழாவது அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அளவையும் நிறுவையையும் முழுமையாகக் கொடுங்கள் என்றும், சீர்படுத்தப்பட்ட பின் பூமியில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்றும் அவர்கள் புத்தி சொன்னார்கள். இவ்விரண்டும் ஒரே ஆயத்தில் அடுத்தடுத்து வருகின்றன. எதற்காக? கள்ளத் தராசும் பூமியின் சீர்கேடும் கூடப்பிறந்தவை என்பதை நாம் விளங்கிக்கொள்வதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுவை பொய்யானால் நிலம் கெடும். நிலம் கெட்ட இடத்தில் விசாரித்துப் பார்த்தால் எங்கோ ஒரு நிறுவை பொய்யாகியிருக்கும்.

அந்த மக்கள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? பதினோராவது அத்தியாயத்தில் அது வருகிறது. எங்கள் பொருளை எங்கள் இஷ்டப்படி செய்யக் கூடாதென்று உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று ஏளனமாகக் கேட்டார்கள். இன்றும் இதைத்தானே கேட்கிறோம்! என் நிலம், என் தொழிற்சாலை, என் முதல். பள்ளிவாசலுக்கு இதில் என்ன வேலை என்கிறார்கள். பள்ளிவாசலுக்கு வேலை உண்டு, சகோதரர்களே! தொழுகைக்கும் தராசுக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்வதற்காகவே ஒரு நபி அனுப்பப்பட்டார்கள்.

பசாரில் கோல் தராசு பிடித்து வியாபாரம் செய்தவர்கள் நம் முன்னோர். தராசில் எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று அவர்களுக்குத் தெரியும். படிக்கல்லைக் குறைத்து வைக்கலாம். தட்டின் அடியில் புளியை ஒட்டலாம். சுண்டுவிரலால் ஒரு தட்டை அழுத்தலாம். வேலையையும் ஆரோக்கியத்தையும் நிறுக்கும்போது இம்மூன்றும் நடக்கின்றன. எப்படி என்பதை நம் வாசலிலேயே நடந்த ஒரு சம்பவத்தில் பார்ப்போம்.

சுங்கை பட்டாணியில் நடந்தது

உலகத்தின் பிளாஸ்டிக் கழிவை ஏராளமாக வாங்கிக்கொண்டிருந்த சீன தேசம், 2018 ஜனவரியில் தன் வாசலை அடைத்துவிட்டது. பணக்கார நாடுகளின் குப்பைக்குப் புதிய வாசல் வேண்டியிருந்தது. அந்த வாசல்களில் ஒன்று நம் மலேசியா. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம், கெடாவில் சுங்கை பட்டாணி முதலிய இடங்களில் பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் மளமளவென்று முளைத்தன. அவற்றில் பல உரிமம் இல்லாதவை. மறுபடியும் உருக்கி உபயோகிக்கத் தகுந்ததை எடுத்துக்கொண்டு, உபயோகப்படாததை இரவோடு இரவாக எரித்தார்கள்.

எரிந்தால் என்ன என்று கேட்கலாம். மின்கம்பியின் உறை, தண்ணீர்க் குழாய் போன்ற பி.வி.சி. சாமான்கள் எரியும்போது மூச்சுக்குழலைப் பொசுக்கும் அமில வாயு கிளம்புகிறது. டையாக்சின் என்ற கொடிய விஷமும் உண்டாகிறது. அது மண்ணில் தங்கி, புல்லில் ஏறி, பாலிலும் முட்டையிலும் புகுந்து, மனிதனின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்தூள் நுரையீரலின் அடிவரை போகிறது. இளைப்புக்காரனுக்கும், பச்சைக் குழந்தைக்கும், வயோதிகருக்கும் இதுவே முதல் சத்துரு.

சுங்கை பட்டாணிவாசிகள் சும்மா இருக்கவில்லை. இன மத பேதமின்றி ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். புகை வந்த இடத்தைக் குறித்துவைத்து, இலாகா இலாகாவாக மனுக் கொடுத்தார்கள். அவர்களுடைய குரல் 2019-ல் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரையில் எட்டியது. சர்க்கார் பல தொழிற்சாலைகளுக்குச் சீல் வைத்தது. 2019 மே மாதம் உலக நாடுகள் பேசல் உடன்படிக்கையைத் திருத்தி, அசுத்தமான பிளாஸ்டிக் கழிவை வாங்கும் நாட்டின் சம்மதமின்றி அனுப்பக் கூடாதென்று விதித்தன. அது 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2020 ஜனவரியில் மலேசிய சர்க்கார் அறிவித்தது.

இனி அந்தத் தராசைப் பாருங்கள். வேலை கிடைக்கிறது என்றார்களே, யாருக்கு? அந்தக் குப்பை மலைகளுக்கு நடுவே நின்று தரம் பிரித்தவர்களில் பெரும்பாலோர் வெளிதேசங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். அவர்களும் ஆதமுடைய மக்களே. அவர்களுடைய நெஞ்சிலும் அதே புகைதான். கூலி ஒருவர் கையில், லாபம் இன்னொருவர் பையில், புகையோ ஊரார் எல்லோருடைய நெஞ்சிலும்! இதுதான் குறைந்த படிக்கல். கூலி வாங்குகிறவரைக் கணக்கில் சேர்த்துவிட்டு, புகை வாங்குகிறவரைக் கணக்கில் சேர்க்காமல் நிறுப்பது.

தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்று 83-வது அத்தியாயம் தொடங்குகிறதே, அதன் பொருள் அரிசிக்கடையோடு முடிந்துவிடுமா?

ஷரீஅத்தின் தீர்ப்பு

நன்மையும் தீமையும் ஒன்றாகக் கலந்து வரும் காரியத்தை எப்படி நிறுப்பது என்பதைத் திருமறையே நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. மதுவையும் சூதாட்டத்தையும் பற்றி இரண்டாவது அத்தியாயத்தில் பேசும்போது, அவற்றில் மனிதர்களுக்குச் சில பலன்கள் உண்டென்பதை அல்லாஹு தஆலா மறைக்கவில்லை. பலனைவிட அவற்றின் பாவம் பெரியது என்று நிறுத்துக் காட்டுகிறான். லாபமே இல்லை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை; லாபத்தைக் காட்டி நஷ்டத்தை மறைக்கவும் கூடாது. இதுவே குர்ஆன் போதிக்கும் நிறுவை.

பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்தில் வந்துள்ள நாயக வாக்கியத்தை அடிப்படையாகக் கொண்டு நம் இமாம்கள் பல சட்டங்களை வகுத்தார்கள். நன்மையைத் தேடுவதற்கு முன் தீமையைத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. பொதுஜனத்துக்கு வரும் தீங்கைத் தடுப்பதற்காகத் தனி மனிதனுக்கு வரும் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

துருக்கியை ஆண்ட உதுமானிய சர்க்கார், 1869 முதல் 1876 வரையில் 'மஜல்லா' என்ற சட்டக் கோவையைத் தயாரித்தது. ஜொகூர் ராஜ்யத்திலும் அது மலாயில் பெயர்த்து எடுத்தாளப்பட்டது. அதன் 1200-வது ஷரத்தைப் படித்தபோது நான் வியந்து போனேன். ஒருவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் உலையோ எண்ணெய் ஆலையோ வைத்து, புகையாலும் துர்நாற்றத்தாலும் அவர் அங்கே குடியிருக்க முடியாமற் போனால், அது பெருந்தீங்கு. எவ்விதத்திலாவது அது நீக்கப்பட வேண்டும் என்ற கருத்தை அதில் காண்கிறோம். இன்று நாம் பேசுகிற விஷயத்தை நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே நம் உலமாக்கள் நிறுத்துத் தீர்த்திருக்கிறார்கள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உலையை அழித்துவிட வேண்டும் என்பதல்ல, தீங்கை நீக்க வேண்டும் என்பதே சட்டம். புகைபோக்கியை உயர்த்தித் தீங்கு நீங்குமானால் உலை எரியட்டும். எதைச் செய்தும் தீங்கு நீங்காதென்றால் மட்டுமே உலை போக வேண்டும்.

183 தொழிலாளர்கள்

இனி தட்டின் அடியில் ஒட்டிய புளியைப் பார்ப்போம். நம் தெற்கு எல்லைக்கு அப்பால் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா என்ற சிற்றூர். ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலிலிருந்து அருமண் பொருள்களைப் பிரித்தெடுக்க ஏஷியன் ரேர் எர்த் என்ற கம்பெனி 1979-ல் ஆரம்பிக்கப்பட்டது. 1982-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பானிய மூலதனம், புதிய வேலைகள், ஊருக்கு வளம் என்று எல்லாம் இருந்தன. ஆனால் அந்த மணலைப் பிரித்த பின் மிஞ்சுவது தோரியம் கலந்த கழிவு. கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு பன்னெடுங்காலம் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஊரார் 1985-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக் கணக்கில் வழக்கு நடந்து, 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தும்படி தீர்ப்பளித்தது. ஆனால் மறுமாதமே மேல் நீதிமன்றம் அப்பீல் முடியும் வரையில் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சொல்லப்பட்ட காரணம், ஆலையை மூடினால் கம்பெனிக்கும் அதன் 183 தொழிலாளர்களுக்கும் கஷ்டம் உண்டாகும் என்பது. 1993 டிசம்பரில் அப்பீல் கம்பெனிக்குச் சாதகமாயிற்று. ஆயினும் 1994-ல் கம்பெனி தானாகவே ஆலையை மூடிவிட்டது.

அந்த 183 பேரின் கஷ்டம் பொய்யல்ல. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், வாடகை இருந்தது. ஆனால் பின்னால் வந்த கணக்கைப் பாருங்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, கழிவை மலையில் புதைத்து மூடுவதற்கு 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் வேலை நடந்துகொண்டிருப்பதாக 2011-ல் பத்திரிகைகள் எழுதின. ஆலை ஓடிய காலம் சுமார் 12 வருஷம். அது மூடி 17 வருஷம் ஆன பின்னும் சுத்தம் செய்து முடியவில்லை! இந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆரம்பத்திலேயே அந்தத் தொழிலாளர்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்கச் செலவிட்டிருக்கலாகாதா? கூலியை மாதக் கணக்கில் எண்ணிவிட்டு, விஷத்தைத் தலைமுறைக் கணக்கில் எண்ணாமல் விட்டதே தட்டின் அடியில் ஒட்டிய புளி.

செம்பனை ஆலை தந்த பாடம்

மூன்றாவது ஏமாற்று, தட்டை அழுத்தும் சுண்டுவிரல். வேலை வேண்டுமானால் புகையைச் சகி, புகை வேண்டாமானால் பட்டினி கிட என்று, இரண்டே வழிகள் இருப்பதாகக் காட்டுவது அது. மூன்றாவது வழி இருப்பதை அது மறைக்கிறது. அந்த மூன்றாவது வழி நம் தோட்டங்களிலேயே நடந்தேறியது.

செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். 1970-களில் ஆலைக் கழிவு நீர் அப்படியே ஆற்றில் விடப்பட்டது. அந்தக் கழிவு தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும்; மீன் செத்து மிதக்கும்; கரையில் நிற்க முடியாது. ரப்பர் ஆலைகளின் கதையும் அதுவே. 1974-ல் சுற்றுச்சூழல் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977-ல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-ல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன.

சர்க்கார் அப்போது ஆலைகளை மூடிவிடவில்லை, படிப்படியாக நெருக்கியது. கழிவு எவ்வளவு பிராணவாயுவைத் தின்னும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். முதலில் அதை 5,000-க்கு இறக்கச் சொன்னார்கள். 1984-ல் 100-க்கு இறக்கினார்கள். அதற்கு வழி என்ன? வரிசையாகக் குளங்கள் வெட்டி, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கொண்டு கழிவை மக்கச் செய்தார்கள். தேங்கிய சகதி உரமாயிற்று.

வேலை போயிற்றா? 1975-ல் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 12 லட்சம் டன். 1985-ல் சுமார் 41 லட்சம் டன்! ஆற்றையும் காப்பாற்றினார்கள், ஆலையும் நிலைத்தது. ஆறுகள் எல்லாம் தெளிந்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. இன்னும் விதியை மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது.

அது யாதெனில், அநேக சமயங்களில் தராசின் ஒரு தட்டில் இருப்பது தொழிலாளியின் வேலை அல்ல. சுத்தம் செய்யும் செலவைத் தட்டிக்கழித்து முதலாளி மிச்சம் பிடிக்கும் பணமே அங்கே இருக்கிறது. தொழிலாளியின் வேலை அந்தப் பணத்தின் மேல் போர்த்திய துணி. துணியை விலக்கிப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும்! என் மகனின் சம்பளமா, என் பேரனின் மூச்சா என்பதல்ல. ஒருவருடைய கூடுதல் லாபமா, என் பேரனின் மூச்சா என்பதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஆலிம் வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே! ஒரு கப்பலில் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பிரயாணம் செய்தவர்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உவமையை அறிவீர்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து தொந்தரவு கொடுப்பானேன் என்று எண்ணி, தங்கள் பங்கில் ஓர் ஓட்டை போடப் பார்த்தார்கள். மேலே இருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர் உண்மையாகவே தேவைப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். கையைப் பிடித்துத் தடுப்பவன் தண்ணீரும் இறைத்துக் கொடுக்க வேண்டும். புகையைத் தடுக்கும் ஜமாஅத், வேலை இழப்பவனைக் கைவிடலாகாது.

ஆகவே நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, தொழிற்சாலை வருவதற்கு முன்பே கேள்வி கேளுங்கள். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது 1988 முதல் இந்நாட்டுச் சட்டம். பெருந்திட்டங்களின் அறிக்கையைப் பொதுஜனப் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்பதுண்டு. நம் படித்த வாலிபர்கள் அதைப் படித்து ஜமாஅத்தாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். எத்தனை பேருக்கு வேலை, யாருக்கு வேலை, கழிவு எங்கே போகும், மூடிவிட்டுப் போகும்போது யார் சுத்தம் செய்வது என்று நான்கு கேள்விகள் போதும்.

இரண்டாவது, வாடை வந்தால் வம்பு பேசாமல் குறித்து வையுங்கள். தேதி, நேரம், காற்று வந்த திசை, யாருக்கு என்ன செய்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் மனுக் கொடுங்கள். 2024-ல் சட்டம் திருத்தப்பட்ட பின் அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை போகலாம். சட்டத்துக்குப் பல் இருக்கிறது. அதைக் கடிக்கச் செய்வது சாட்சியம்.

மூன்றாவது, உள்ளே வேலை செய்கிற நம் பிள்ளைகளைப் பழிக்காதீர்கள். முகமூடியும் கையுறையும் கேட்க அவர்களுக்குத் துணை நில்லுங்கள். உரிமமில்லாத இடத்தில் வேலை செய்பவர் வெளியே வந்தால், வேறு வேலை அமையும் வரை அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டியது நம் பைத்துல்மாலின் கடமை. கடை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொருவரைச் சேர்த்துக்கொண்டால் எத்தனை குடும்பம் தப்பும்!

நான்காவது, முதலாளிகளே! உங்களிலும் நம்மவர் இருக்கிறீர்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஏவிய நாயகத்தின் உம்மத்து நீங்கள். ஜனங்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், தண்ணீர்த்துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று அந்த நாயகமே எச்சரித்தார்கள். ஒரு மனிதனின் அசுத்தத்துக்கே அந்த எச்சரிக்கை என்றால், லாரி லாரியாகக் கொட்டும் அசுத்தத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் ஸதகா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சுக்கு ஈடாகாது.

இதைச் சொல்லும்போது என் மேலும் குற்றம் இருக்கிறது. நானும் அந்தத் தராசில் சுண்டுவிரல் வைத்தவன். ஆகையால் அந்த முதலாளியை நேரில் போய்ப் பார்த்தேன். "பாய், உங்கள் மின்விசிறிக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் ராத்திரியில் வருகிற வாடையையும் அவன் எழுதிக்கொண்டிருக்கிறான்" என்று சொன்னேன். அவர் முகம் வாடிற்று. செலவுக் கணக்குச் சொன்னார். எரிப்பதை நிறுத்துகிறேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. நம் நிர்வாகக் குழுவோ, ஊருக்குத் தீங்கு செய்வதாகப் புகார் உள்ள எவரிடமும் அந்தத் தீங்கு நீங்கும் வரை நன்கொடை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. மின்விசிறிகளின் விலையையும் சந்தாவாகச் சேர்த்து அவரிடமே திருப்பிக் கொடுக்கிறோம். புகாரும் எழுதியாகிவிட்டது; முதல் கையெழுத்து பெரியவருடையது. இரண்டாவது கையெழுத்தை அவர் மகன் போட்டார். அந்தப் பிள்ளையின் தைரியத்துக்கு ஊரார் என்ன பதில் செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அவருக்கு வேலை போனால், அது அவர் ஒருவருடைய நஷ்டமாக இருக்கலாகாது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுகிறேன். தொழிற்சாலை இருக்க வேண்டுமென்றும் கேட்க வேண்டாம். போக வேண்டுமென்றும் கேட்க வேண்டாம். யா அல்லாஹ், என் மகனுக்கு என் பேரனின் மூச்சைக் கெடுக்காத ரிஸ்கைக் கொடு என்று கேளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. துஆவைக் கேட்டுவிட்டு, அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து இன்றிரவின் வாடையையும் எழுதி வையுங்கள்.

யா அல்லாஹ்! உழைக்கும் கைகளுக்கு ஹலாலான வேலையைக் கொடு. எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குச் சுத்தமான காற்றையும், எங்கள் ஆறுகளுக்குத் தெளிவையும் கொடு. நிறுக்கும்போது நேர்மையாக நிறுக்கும் மனத்தையும், கண்டதைச் சொல்லும் நாவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.